குடத்தின் தோள்

சூரமங்கலத்திலிருந்து மேற்கே போகிற ரோட்டில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, "பிரஸ்ஸுக்காரர் ஊடு எதுங்க?" என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. சும்மா நின்று காதைக் கொடுத்தால் போதும். தும், தும் என்று தரை வழியாகவே சத்தம் வந்துவிடும். அர்த்தநாரியின் எவர்சில்வர் பட்டறையும் அவர் குடியிருக்கும் வீடும் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் இருந்தன. நடுவில் ஒரு மண்சுவர்தான். தகட்டை அமுக்குகிற பிரஸ் இறங்கும்போதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் சென்னியம்மாளின் அடுப்பில் பருப்புச்சட்டி ஒரு துள்ளுத் துள்ளும். "இந்தூட்டுப் பருப்பு வெந்து வேகறதில்லைங்க, ஆடி ஆடித்தான் வேகுது" என்று அவள் வீட்டுக்கு வருகிற ஒறம்பரைச் சனத்திடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அர்த்தநாரி பிறவித் தொழிலாளி அல்ல. நாலு ஏக்கரா மானாவாரிக் காட்டில் கடலைக்காய் போட்டுக்கொண்டிருந்த குடியானவர். இரும்பாலைக்கு நிலம் எடுத்தபோது அந்த நாலு ஏக்கராவும் முள்வேலிக்கு உள்ளே போய்விட்டது. மனுசர் மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தார். நாலாம் நாள் எழுந்து, வந்த பணத்தோடு கோயமுத்தூர் போய், யாரோ கழித்துப் போட்ட ஒரு பிரஸ்ஸை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். ஊரே வாயைப் பிளந்தது. மெட்ராஸில் பாத்திரப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த அங்கமுத்து துணைக்கு வந்து சேர்ந்தான். அவன்தான் குரு, முதலாளிதான் சிஷ்யன். ரெண்டே வருசத்தில் அர்த்தநாரி வட்டமாக வெட்டிய தகட்டை விரலால் தட்டிப் பார்த்தே கனம் சொல்லுகிற ஆளாகிவிட்டார்.

அப்போதெல்லாம் சப்பான் தகடுதான். கப்பலில் வந்து இறங்கி, பல கை மாறி, சேலத்துக்கு வந்து சேருவதற்குள் யானை விலை ஆகியிருக்கும். கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் பிரஸ் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியது. போன வருசம் இரும்பாலை திறந்து, உள்ளூரிலேயே தகடு உருள ஆரம்பித்ததும் அர்த்தநாரிக்குத் தலைகால் புரியவில்லை. முதல் கட்டுத் தகடு வண்டியில் வந்து இறங்கிய அன்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்துக்க. நம்ம கடலக்காட்டுல வெளஞ்சதாக்கும்."

"அப்பிடீங்களா? உப்புப் போட்டு வேக வெக்கட்டுமா?" என்றாள் சென்னியம்மாள்.

அவர்களுக்கு ஒரே மகள், வசந்தாமணி. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பட்டறையில் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டுகிற வேலை அவளுடையது. சுற்றுவட்டாரத்தில் கல்யாணமாகிப் போன எத்தனையோ பெண்களின் பெயரை அவள் சின்ன உளியால் புள்ளி புள்ளியாகக் குடத்திலும் போசிப் பாத்திரத்திலும் வெட்டிக் கொடுத்திருக்கிறாள். இந்தப் பங்குனியில் அவளுக்கே முறை வந்தது.

மாப்பிள்ளை வீடு ராசிபுரம். சம்பந்தி சின்னுசாமி அங்கே பெரிய பாத்திரக்கடைக்காரர். பையன் சென்னியப்பன் கடையில் நிற்கிறான். அர்த்தநாரி அமுக்குகிற பாத்திரத்தில் பாதிக்கு மேல் அந்தக் கடைக்குத்தான் போகும். சரக்குக் கொடுக்கப் போக வர இருந்ததில் பழக்கம் முற்றி, தை மாதம் உப்புச்சக்கரை மாற்றி உறுதி செய்தாயிற்று. சித்திரையில் கல்யாணம்.

சின்னுசாமியின் கடைக்குப் பலகையில் ஒரு சாமி பெயர் இருந்தாலும் ஊரில் அதற்குக் காந்தக்கடை என்றுதான் பெயர். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு குதிரைலாடக் காந்தம் கயிற்றில் தொங்கும். வெகு காலத்துக்கு முன்னால், ஊர் ஊராகச் சைக்கிளில் வந்து முலாம் பூசின இரும்பை எவர்சில்வர் என்று பெண்டுகள் தலையில் கட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. அந்த நேரத்தில் சின்னுசாமி காந்தத்தைத் தொங்கவிட்டார். பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் காந்தத்தை வைத்துக் கையை எடுப்பார். காந்தம் வழுக்கிக்கொண்டு விழும். "ஒட்டுச்சுங்களா? ஒட்டாது. அசல் சப்பான்." அவ்வளவுதான் பேச்சு. ராசிபுரம், வெண்ணந்தூர் பக்கத்துச் சனம் அதற்கப்புறம் காந்தம் இல்லாத கடையில் ஒரு கரண்டிகூட வாங்கவில்லை.

பங்குனி முதல் வெள்ளிக்கிழமை, சீர்ப் பாத்திரம் பார்க்கவென்று மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சின்னுசாமி, அவருடைய அக்கா பெருமாயி, மாப்பிள்ளை, இன்னும் ஆண்களும் பெண்களுமாக ஆறேழு பேர். பெருமாயி சின்ன வயசிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவள். தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் என்பதால் அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. நல்ல மனுசிதான். ஆனால் மனசில் பட்டதை மென்று விழுங்கத் தெரியாது.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மழை பொய்த்த வருசம் அது. கிணறுகள் பாறை தெரியக் கிடந்தன. ரோட்டோரத்துப் பொதுக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். சென்னியம்மாள் அப்படிச் சேர்த்த தண்ணீரில்தான் அத்தனை பேருக்கும் சமைத்திருந்தாள். வெல்லப் பூரணம் வைத்த ஒப்புட்டு, பச்சைப்பயறு கடைந்தது, ரசம், கெட்டி மோர். அன்றைக்குப் பிரஸ்ஸை நிறுத்தியிருந்ததால் பருப்பு ஆடாமலே வெந்திருந்தது.

சாப்பிடும்போது ஆண்கள் தகட்டு விலை, தகட்டு வரி என்று தகட்டுப் பழமைதான் பேசினார்கள்.

"ஆலைத் தகடு எப்பிடீங்க மச்சான், படியுதுங்களா?" என்றார் சின்னுசாமி, ஒப்புட்டு மேல் நெய்யை ஊற்றிக்கொண்டே.

"நெம்ப நல்லாப் படியுதுங்க. சப்பானுக்கு ஒண்ணும் எளப்பமில்ல. வெலைதான் அவங்களுக்கும் கட்டுப்படி ஆகோணுமில்லைங்க."

"அதாங்க சங்கதி. வெளிநாட்டுக்காரன் கப்பல் வாடகை குடுத்து இங்க கொண்டாந்து எறக்குனாலும் அவனுது மலிவாத்தான் உளுகுது. அவன் ஒரு நாளைக்குத் தள்றத நம்மாளு ஒரு மாசத்துக்குத் தள்றான். அதுக்காவத்தான் கவுருமெண்டு வரியப் போட்டு அவன அங்கியே நிறுத்துது."

"வரிய எடுத்துப்போட்டா ஆலை படுத்துக்குமுங்க."

"வரியப் போட்டா நாம படுத்துக்கறோமுங்க" என்று சின்னுசாமி சிரித்தார். "நான் தீவாளிக்குன்னு எடுத்து வெச்ச சரக்கெல்லாம் வரி கட்டி வந்த தகட்டுல அடிச்சது. குடோன் நெறையக் கெடக்குது. ஏதோ ஒரு வழி வரோணும்."

அர்த்தநாரிக்கு அந்தப் பேச்சில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. வியாபாரி வியாபாரம் பேசுகிறார். அவர் மேலும் ஒரு ஒப்புட்டை எடுத்துச் சம்பந்தி இலையில் வைத்தார்.

கை கழுவியதும் எல்லாரும் நடுவீட்டுக்கு வந்தார்கள். கோரைப்பாயில் சீர்ப் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. அண்டா ரெண்டு, குடம் அஞ்சு, போசிகள், வட்டல், சொம்பு, கரண்டி. எல்லாம் சேலத்துத் தகடு. அர்த்தநாரி ஒவ்வொன்றையும் தானே நின்று அமுக்கியிருந்தார். பாலிஷ் போட மட்டும் அங்கமுத்துவை விட்டார். சன்னல் வெளிச்சம் பட்டு ஓட்டுக்கூரையெல்லாம் பளபளத்தது. அக்கம்பக்கத்துப் பெண்டுகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் பக்கத்து வீட்டு ஆத்தாயி உள்ளேயே வந்துவிட்டாள்.

பெருமாயி குந்தி உட்கார்ந்து ஒரு குடத்தை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் பண்ணியிருக்கறீங்க பிரஸ்ஸுக்காரரே. கண்ணாடியாட்ட இருக்குது." பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தாள். யாரும் அதை வித்தியாசமாக நினைக்கவில்லை. காந்தக்கடை வீட்டுப் பெண் அல்லவா. திருவிழாக் கடையில் தட்டு வாங்கினாலும் அவள் காந்தம் வைத்துப் பார்ப்பாள்.

குடம் மடியில் நேராக இருந்தது. அவள் கவிழ்க்கவில்லை. கைக்குப் பட்ட இடத்தில், கழுத்துக்குக் கீழே தோள் வளைகிற இடத்தில் காந்தத்தை வைத்தாள். டக் என்று ஒரு சத்தம். கையை எடுத்தாள். காந்தம் விழவில்லை.

"ஏனுங்க, இது ஒட்டுது?" என்றாள்.

அர்த்தநாரி கிட்டே வந்து பார்த்தார். காந்தம் தோளில் உட்கார்ந்திருந்தது. பெருமாயி அதைப் பிடுங்கி அடுத்த குடத்தில் வைத்தாள். அதிலும் ஒட்டியது. போசியின் வளைவில் வைத்தாள். அதிலும். ஒவ்வொரு தடவையும் அந்த டக் சத்தம் அர்த்தநாரியின் நெஞ்சுக்குழியில் விழுந்தது. வாசலில் நின்ற பெண்டுகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"தகட்டுல வெச்சுப் பாத்துத்தானுங்க வாங்குனேன். ஒட்டலீங்க" என்றார் அர்த்தநாரி.

"எனக்குத் தெரியும் இது என்னன்னு" என்றாள் பெருமாயி. கோபமாகச் சொல்லவில்லை, கண்டுபிடித்துவிட்ட ஆனந்தத்தோடு சொன்னாள். "கஞ்சமலைக் கல்லு! அந்த மலையில மண்ண அள்ளி வெச்சா காந்தத்துல மீச மொளச்சாப்பல ஒட்டுமே, சின்னதுல நாங்க வெளையாண்டதில்ல? அந்தக் கல்லத்தான் உருக்கி ஊத்திப்போட்டானுங்க. பின்ன ஒட்டாம என்ன பண்ணும்? அட, பெத்த புள்ளைக்கு இரும்பையா குடுக்கறது?"

"அம்மிணி, ஆலையில கல்ல உருக்கறதே இல்லைங்க. தகட்டுச் சுருளு எங்கிருந்தோ வருது, இங்க உருட்டி மெலுசாக்கறாங்க, அவ்வளவுதானுங்க."

"பேரு சேலம் இரும்பாலை, ஆனா சேலத்துக் கல்லு இல்லைங்கறீங்களா? யாரு நம்புவா?"

நியாயமான கேள்விதான். அந்தப் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். அர்த்தநாரி சம்பந்தியைப் பார்த்தார். சின்னுசாமி சன்னல் வழியாக வெளியே எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை சட்டைக் கைமடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தான்.

கிளம்பும்போது சின்னுசாமி அர்த்தநாரியைத் தனியே கூப்பிட்டுத் தோளில் கை வைத்தார். "கண்ணாலத்துல ஒரு கொறையும் இல்லைங்க மச்சான். பாத்தரத்த மட்டும் மாத்திருவோம். எங்கடையில இருந்து சப்பான் சரக்கு எடுத்து நாங்களே வெச்சுக்கறோம். இது எங்கூட்டுக்கு வந்தா காந்தக்கடைப் பேரு என்னத்துக்கு ஆகும், நீங்களே சொல்லுங்க. எங்கடைக்குன்னு சொல்லியிருந்த எரநூறு கொடத்தையும் இப்பத்திக்கு நிறுத்தி வைங்க."

அர்த்தநாரி தலையை ஆட்டினார். தானே பாத்திரம் செய்கிறவன் தன் மகளுக்கு வேறு கடைப் பாத்திரம் கொடுத்தனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்குத் தெரியாதா? என் சரக்கு பொய் என்று நானே பட்டறை வாசலில் நின்று கூவுவதற்குச் சமம்.

மறுநாள் பொழுது விடிந்ததும் பட்டறையைத் திறந்து அங்கமுத்துவிடம் எல்லாத்தையும் சொன்னார். அவனுக்கும் ஆச்சரியம்தான். இத்தனை வருசத்தில் இரண்டு பேருமே செய்து முடித்த பாத்திரத்தில் காந்தம் வைத்துப் பார்த்ததில்லை. சோறு வடிக்கிறவள் அரிசியைப் பார்த்து வாங்குவாள். வடித்த சோற்றையா சோதிப்பாள்?

"ஒரு வட்டம் எடுங்க மொதலாளி" என்றான் அங்கமுத்து. தகட்டில் காந்தம் வைத்தார்கள். வழுக்கி விழுந்தது. அதே தகட்டைப் பிரஸ்ஸில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார்கள். அடியில் ஒட்டவில்லை, பக்கவாட்டில் லேசாகப் பிடித்தது. லேத்தில் மாட்டிக் கட்டையால் அழுத்தித் தோளை வளைத்தார்கள். வளைந்த இடத்தில் டக் என்று ஒட்டியது.

"இழுத்த எடத்துலதானுங்க ஒட்டுது. இழுக்காத எடத்துல இல்ல."

"அது எப்பிடிரா? ஒரே தகடுதான?"

"எப்பிடின்னு எனக்கென்னுங்க தெரியும். ரொம்ப அமுக்குனா தகட்டுக்கு வீம்பு வரும், முறுக்கிக்கும், நாம காய்ச்சித் தணிக்கறமில்ல? அந்த வீம்புதான் புடிக்குதோ என்னமோ." சொன்னவன் சும்மா இருக்கவில்லை. அந்த அரைக்குடத்தை உலையில் வைத்துப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி எடுத்தான். கருத்துப்போன தோளில் காந்தத்தை வைத்தான். விழுந்துவிட்டது.

அர்த்தநாரி எழுந்து அடுப்படிக்குப் போனார். பட்டறை போட்ட முதல் வருசம் செய்த குடம் ஒன்று அங்கே இருந்தது. அசல் சப்பான் தகடு. தகடு வாங்கின சிட்டையைக்கூட அவர் பத்திரமாக வைத்திருந்தார். சென்னியம்மாள் அதில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். தண்ணீரோடு இருந்த குடத்தின் தோளில் காந்தத்தை வைத்தார். கொஞ்சம் மெதுவாகத்தான், ஆனாலும் ஒட்டியது.

"இதுவுமா!" என்றாள் சென்னியம்மாள்.

"எல்லாமேதான்" என்றார் அவர். ஒரு நாள் முழுக்க நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. குழந்தை மாதிரி அந்தக் காந்தத்தை எடுத்து எடுத்து ஒட்டிப் பார்த்தார்.

"அப்ப எல்லாருத்துக்கும் சொல்லிப்போட வேண்டியதுதானுங்க?"

"மொதல்ல மச்சானுக்குச் சொல்லோணும். அவரு கடையே காந்தத்துல ஓடுது. அவருக்குத் தெரியாம ஊருல சொன்னா அவரு பொழப்புக் கெட்டுப்போகும். ரெண்டு பேரும் கலந்துக்கிட்டு, பக்குவமாச் சனத்துக்குச் சொல்லலாம்."

வசந்தாமணி சுவரோரம் உட்கார்ந்து யாருடைய பேரையோ ஒரு சொம்பில் வெட்டிக்கொண்டிருந்தாள். உளிச்சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

அதற்குள் சேதி ஓடிவிட்டிருந்தது. இளம்பிள்ளையில் தறிக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குச் சொல்லியிருந்த பாத்திரம் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார். இன்னொருவர் நேரில் வந்து, சுற்றி வளைத்துப் பேசி, மோர் குடித்துவிட்டு, கடைசியில் அதையேதான் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க. கஞ்சமலைக் கல்லுன்னு பேசிக்கறாங்க." பட்டறையில் வேலை செய்கிற ஆறு பேரும் முதலாளி முகத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தார்கள். இப்படியே போனால் ஆடிக்குள் பிரஸ்ஸை மூடிவிட வேண்டியதுதான் என்று அர்த்தநாரிக்குத் தெரிந்தது. மறுபடி சாக்கு, மறுபடி சும்மா உட்கார்ந்திருப்பது. ஒரு தடவை நிலம் போனதைத் தாங்கியாயிற்று. இன்னொரு தடவை தாங்க வயசு இல்லை.

திங்கட்கிழமை பஸ் ஏறினார். வெண்ணந்தூர் சுற்றிப் போகிற பஸ். வழியில் நெசவாளர்கள் துணி மூட்டைகளோடு ஏறி இடம் அடைத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் காடுகள் காய்ந்து வெளுத்துக் கிடந்தன. மடியில் மஞ்சள் பையில் ஒரு துண்டுத் தகடும், வளைத்த தோள் ஒன்றும், காந்தமும் இருந்தன. மச்சான் ஆச்சரியப்படுவதை நினைத்து அவருக்குள் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

கடையில் கூட்டம். சின்னுசாமி சாப்பிடப் போயிருந்தார், இப்போது வந்துவிடுவார் என்று முக்காலியைக் கொண்டுவந்து போட்டான் ஒரு ஆள். மாப்பிள்ளை சென்னியப்பன் மாமனாரைப் பார்த்ததும் "வாங்க மாமா, உக்காருங்க" என்றுவிட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தான். தாயும் மகளுமாக இரண்டு பேர் குடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குடத்தைக் கவிழ்த்தான். அடியில் காந்தத்தை வைத்துக் கையை எடுத்தான். விழுந்தது. "அசல் சப்பானுங்க."

அந்தத் தாய்க்கு என்ன தோன்றியதோ, தானே காந்தத்தை எடுத்துக் குடத்தின் தோள் பக்கம் கொண்டுபோனாள். சென்னியப்பனின் கை பாய்ந்து வந்து அதை வாங்கிக்கொண்டது. சிரித்துக்கொண்டேதான் வாங்கினான்.

"அங்க இல்லீங்க்கா. அடியிலதான் வெக்கோணும். அடிதான முக்கியம்?"

அவளும் சிரித்தாள். அர்த்தநாரிக்கு மடியில் இருந்த பை திடீரென்று கனத்தது.

சின்னுசாமி வந்து, அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே கூரை முட்ட வைக்கோல் சுற்றிய பாத்திரக் கட்டுகள். சோடா உடைத்துக் கொடுத்தார். அர்த்தநாரி சோடாவைத் தொடவில்லை, பையையும் அவிழ்க்கவில்லை.

"சப்பான் கொடத்துலயும் தோள்ல காந்தம் ஒட்டுதுங்க மச்சான்" என்றார்.

சின்னுசாமி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு கட்டின் மேல் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியாதுங்களா? கடை வெச்ச ரெண்டாம் வருசமே தெரியும். அதனாலதான் கவுத்துப் போட்டு அடியில வெக்கறது."

"அக்காளுக்கு?"

"அக்காளுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஊருக்கே சொல்லிரும்."

"அப்ப அன்னைக்கு ஏனுங்க பேசாம நின்னீங்க?"

"என்ன பேசச் சொல்றீங்க? அங்க பத்துப் பேரு நின்னாங்க. எல்லாக் கொடமும் தோள்ல ஒட்டும், அக்கான்னு நாஞ் சொன்னா, அந்தப் பத்துப் பேரும் ஊட்டுக்குப் போயி அவங்கவுங்க கொடத்துல வெச்சுப் பாப்பாங்க. அடுத்த நாளு என் கடை வாசல்ல ராசிபுரமே நிக்கும்." சின்னுசாமியின் குரலில் கள்ளம் இல்லை. வீட்டு விசயம் பேசுகிறவர் மாதிரி இதமாகவே பேசினார். "அதுவுமில்லாம, இதா பாருங்க குடோன. உங்க ஊருத் தகடு நல்ல தகடுதான், எனக்குத் தெரியாதா? அது எடுபட்டா இது விக்காது. ஒரு தீவாளி வரைக்கும் பொறுத்துக்கங்க மச்சான். இது தீர்ந்ததும் நானே கல்லாவுல உக்காந்து சேலத்துத் தகடுதான் ஒசத்தின்னு சொல்றேன். ஒலகம் அப்பிடித்தானுங்க ஓடுது. கப்பல்காரன் அவன் தகட்ட விக்க ஒண்ணு சொல்றான், ஆலைக்காரன் அவனுத விக்க ஒண்ணு சொல்றான். கவுருமெண்டு வரியப் போட்டு நிறுத்துது. நான் ஒரு காந்தத்த வெச்சு நிறுத்தறேன். அவ்வளவுதான்."

அர்த்தநாரி மஞ்சள் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். வெளியே கடையில் பாத்திரங்கள் ஒன்றோடு ஒன்று இடிபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"தகட்டுப் பழமை கெடக்கட்டுங்க" என்றார் கடைசியில். "பெத்த புள்ளைக்கு இரும்பக் குடுக்கறேன்னு என்ற ஊட்டு நடுவால வெச்சு என்னைச் சொன்னாங்க. இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் சன்னல்ல வேடிக்க பாத்துட்டு நின்னீங்க. நாளைக்கு என்ற புள்ள உங்கூட்டுக்கு வாரா. யாராச்சும் அவ மேல ஒரு பழியப் போட்டாங்கன்னு வைங்க. பொய்யின்னு உங்களுக்குத் தெரியும். வாயத் தொறந்தா உங்களுக்கு நட்டம். அன்னைக்கு என்னுங்க பண்ணுவீங்க?"

சின்னுசாமிக்கு அந்தக் கேள்வி எதிர்பாராதது. முகம் கறுத்துவிட்டது. "வியாபாரம் வேற, ஊடு வேறைங்க மச்சான்."

"எனக்கு ரெண்டுக்கும் நடுவால ஒரு மண்சுவருதானுங்க இருக்குது" என்று அர்த்தநாரி எழுந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். கேட்டது சரிதான். கேட்டுவிட்டு வந்தாயிற்று. ஆனால் உறுதி செய்த கல்யாணம். பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. பெண்ணின் வாழ்க்கை. ஒரு காந்தத்துக்காக அதை உடைப்பதா? அவள் ஆசைப்பட்டிருந்தால்? உப்புச்சக்கரை மாற்றிய அன்று அவள் முகத்தில் இருந்த வெட்கத்தை அவர் பார்த்திருக்கிறார். பேசாமல் சப்பான் பாத்திரத்தை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, பிரஸ்ஸையும் மூடிவிட்டு, எங்காவது கூலிக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தார். முடிவு எடுக்க முடியாமலே வீடு வந்து சேர்ந்தார்.

பொழுது சாய்கிற நேரம். அன்று தண்ணீர் விடுகிற நாள். சென்னியம்மாள் குடங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அர்த்தநாரி கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, சின்னுசாமி பேசியதை ஒன்று விடாமல் சொன்னார். கடையில் மாப்பிள்ளை செய்ததை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

"ஐயோ, தெரிஞ்சேவா நின்னாரு அந்த மனுசன்!" என்று சென்னியம்மாள் வாயில் கை வைத்தாள். உடனே பதறினாள். "ஏனுங்க, வெடுக்குனு எதாச்சும் சொல்லிப்போட்டு வந்துட்டீங்களா? சித்திரைக்கு இன்னும் நாளு எத்தன இருக்குது? ஆம்பளைங்க வியாபாரத்துல ஆயிரம் இருக்கும். பையன் நல்ல பையன். பையனுக்கு என்ன தெரியும், பாவம்."

வசந்தாமணி உளியைக் கீழே வைத்தாள். "ஏனுங்ப்பா, அவரு கடையிலதான் நிக்கறாரு?"

"ஆமாங் கண்ணு."

"காந்தம் வெச்சுக் காட்டறது அவருதானுங்களா?"

அர்த்தநாரி தரையைப் பார்த்தார். இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிசம் தோன்றியது. சொல்லாமல் இருப்பதும் சன்னலில் வேடிக்கை பார்ப்பதும் ஒன்றுதான் என்று உடனே தோன்றியது.

"அவருதான் சாமி. ஒரு அம்மா தோள்ல வெக்கப் போனாங்க. வாங்கிக்கிட்டாரு."

"அப்ப அவருக்கும் தெரியும்."

"தெரியும்."

"அன்னைக்கு நான் கதவுக்குப் பொறகாலதானுங்ப்பா நின்னேன். நீங்க ஒட்டலீங்க ஒட்டலீங்கன்னு சொல்லிட்டு இருந்தீங்க. நான் அவரத்தான் பாத்துட்டு இருந்தேன். எதாச்சும் சொல்லுவாருன்னு." அவள் கீழே கிடந்த உளியைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். "சட்டக் கையத்தான் மடிச்சுட்டு இருந்தாரு."

அவள் எழுந்து நடுவீட்டுக்குப் போனாள். வரும்போது இடுப்பில் ஒரு குடம் இருந்தது. சீர் வரிசையில் முதலாவதாக வைத்த குடம்.

"அடியே, அது சீர்க்கொடம்! பொறந்தூட்டுல அதப் பொழங்கக் கூடாது. பொழங்குன பாத்தரத்த எவளாச்சும் சீருக்குக் கொண்டு போவாளா? வெச்சுரு!" என்று சென்னியம்மாள் எழுந்து வந்தாள்.

"தெரியுமுங்மா" என்றாள் வசந்தாமணி.

தெரிந்துதான் எடுத்திருக்கிறாள் என்று அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. சென்னியம்மாள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். வசந்தாமணி வாசலைத் தாண்டி ரோட்டோரத்துக் குழாயடிக்குப் போனாள். அர்த்தநாரி எழுந்து நிலைப்படி வரை வந்தார். மகளை நினைத்து அவருக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது.

குழாயடியில் பத்துப் பதினைந்து குடங்கள் வரிசையில் இருந்தன. அந்தி வெளிச்சத்தில் புதுக்குடம் தகதகத்தது. பெண்டுகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஏம் புள்ள, இது அந்தக் காந்தம் ஒட்டற கொடமில்ல?" என்றாள் ஆத்தாயி.

"ஆமாங்க்கா. தோள்ல ஒட்டும், அடியில ஒட்டாது. அமுக்கி வளைக்கற எல்லாக் கொடமும் அப்பிடித்தானுங்க. சப்பான் தகடும் அப்பிடித்தான். உங்கூட்டுக் கொடத்துல வெச்சுப் பாருங்க. வேணும்னா எங்க பட்டறையில காந்தம் இருக்குது, வந்து வாங்கிக்கங்க."

"அது கெடக்கட்டும். சீர்க்கொடத்தையா தண்ணிக்கு எடுத்துட்டு வந்த? கண்ணாலத்துக்கு முன்னால?"

"கண்ணாலம் இல்லீங்க்கா."

வசந்தாமணி தலையைக் குனியவில்லை. வரிசையின் கடைசியில் தன் குடத்தை வைத்துவிட்டு நின்றாள். ஆத்தாயி குழாய்க்கு அடியில் பாதி நிறைந்திருந்த தன் குடத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, "கொண்டா இப்பிடி" என்று அந்தப் புதுக்குடத்தை வாங்கித் தண்ணீருக்கு வைத்தாள்.